வின்செஸ்டர் துறவிகளின் இரண்டாம் குரல்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் பார்க்கர் நூலகத்தில் 473 என்ற எண்ணிட்டு ஒரு சிறு புத்தகத்தைப் பாதுகாக்கிறார்கள். ஒரு கையில் எளிதாகப் பிடித்துக்கொள்ளலாம். பதப்படுத்திய தோலில் ஏறக்குறைய 200 ஏடுகள். வயது சுமார் ஆயிரம். வின்செஸ்டர் நகரத்துத் துறவிகள் தங்கள் ஆலயத்தில் பாடுவதற்காக எழுதி வைத்துக்கொண்டது. 'வின்செஸ்டர் ட்ரோப்பர்' என்பது இசை வரலாற்றில் இதற்கு வழங்கும் பெயர்.

இந்தப் புத்தகத்தில் 170க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இருகுரல் இசை எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் வழிபாட்டில் பாடுவதற்கென்றே எழுதிய பலகுரல் இசையில் இத்தனை பெரிய தொகுப்பு இதற்கு முன்பு எதுவும் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் பாரீஸ் நோத்ருதாம் பேராலயத்தின் பெரும் இசையாகவும், அதற்கும் பின்னால் பாலஸ்த்ரீனா, பாக் போன்றவர்களின் இசையாகவும் விரிந்த மரபின் ஆரம்பப் பக்கங்களில் இவை முக்கியமானவை.

ஆனால் புத்தகத்தைத் திறப்பவர் குழம்பிப்போவார். இருகுரல் இசை என்கிறோம். அந்தப் பக்கங்களில் ஒரே ஒரு குரல்தான் இருக்கிறது. அதுவும் எல்லோரும் அறிந்த முதன்மைக் குரல் கிடையாது, அதனோடு இணைந்து பாடச் சேர்த்த இரண்டாம் குரல். இன்றைய இசைத்தாளில் இருக்கும் ஐந்து கோடுகளும் இல்லை. பாடல் வரிகளுக்கு மேலே புள்ளிகளும் கீற்றுகளும் கொக்கிகளும் மட்டும் வரிசையாக நிற்கின்றன. எந்த ஸ்வரத்தில் தொடங்குவது என்றுகூட அவை சொல்வதில்லை.

ஏன் இப்படி எழுதினார்கள்? இப்படி எழுதியதை இன்று எப்படிப் பாடுகிறார்கள்? இரண்டுக்கும் விடை, அந்தத் துறவிகள் எதை எழுதத் தேவையில்லை என்று நினைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

10ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டர், வெசெக்ஸ் அரசர்களின் முக்கிய நகரம். அங்கிருந்த பேராலயத்தை ஓல்ட் மின்ஸ்டர் என்று அழைத்தார்கள். 963இல் அதற்கு ஆயராக வந்தவர் எதெல்வோல்ட். கண்டிப்பானவர். துறவறச் சீர்திருத்தத்தில் அவருக்கு இருந்த வேகம் சாதாரணமானதல்ல. மனைவி மக்களோடு வசதியாக வாழ்ந்துகொண்டிருந்த பேராலயக் குருக்களை 964இல் அரசர் எட்கரின் துணையோடு வெளியேற்றிவிட்டு, தான் முன்பு தலைவராக இருந்த அபிங்டன் மடத்திலிருந்து துறவிகளை வரவழைத்துக் குடியேற்றினார். புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கும் கூட்டம் அது.

அந்தக் குடியேற்றத்தைப் பற்றி, வின்செஸ்டர் மடத்திலேயே சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்த வுல்ஃப்ஸ்டன் என்ற துறவி எதெல்வோல்டின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். தவக்காலத் தொடக்கம். உள்ளே பழைய குருக்கள் திருப்பலியை முடிக்கும் நேரம். அபிங்டன் துறவிகள் வாசலில் நின்று கேட்கிறார்கள். நற்கருணை வேளைக்குரிய பாடல் உள்ளேயிருந்து ஒலிக்கிறது. ஆண்டவருக்கு அஞ்சி ஊழியம் செய்ய அழைக்கும் பாடல் அது. துறவிகளில் ஒருவரான ஓஸ்கர் அதையே தங்களுக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொண்டு, இனி என்ன தயக்கம், உள்ளே போவோம் என்கிறார். உள்ளே பாடியவர்களும் வெளியே நின்றவர்களும் ஒரே பாடல்களை மனப்பாடமாக அறிந்திருந்த உலகம் அது. ஒரு வரி காதில் விழுந்தால் போதும், ஆண்டின் எந்த நாள், வழிபாட்டின் எந்தக் கட்டம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மனப்பாடம் என்றால் எவ்வளவு? ஆசீர்வாதப்பர் ஒழுங்கின்படி 150 திருப்பாடல்களையும் வாரந்தோறும் பாடி முடிக்க வேண்டும். பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை செபம். அதற்கு மேல் தினமும் திருப்பலி. ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒவ்வொரு புனிதரின் திருநாளுக்கும் தனித்தனிப் பாடல்கள். எல்லாம் இலத்தீனில். சிறுவர்கள் மூத்தவர்களின் வாயைப் பார்த்துப் பாடிப் பாடியே கற்றார்கள். இதற்குப் பத்தாண்டுகள் பிடித்தன, அப்போதும் முழுமை வரவில்லை என்று 11ஆம் நூற்றாண்டின் இத்தாலியத் துறவி குய்தோ எழுதியிருக்கிறார்.

எதெல்வோல்டின் துறவிகள் பல இடங்களிலிருந்து வந்தவர்கள் என்பதால் ஆளுக்கொரு விதமாகப் பாடினார்கள். இதைச் சரிசெய்ய வடபிரான்சின் கொர்பி மடத்திலிருந்து தேர்ந்த பாடகர்களை அவர் அழைத்து வந்தார் என்று அபிங்டன் மடத்து வரலாற்றேடு சொல்கிறது. வின்செஸ்டர் புத்தகத்தின் இசைக்குறிகளிலும் வடபிரான்ஸ் எழுத்துமுறையின் சாயல் தெரிகிறது.

இவர்கள் பாடியது ஒற்றைக் குரல் இசை. பத்துப் பேர் பாடினாலும் நாற்பது பேர் பாடினாலும் ஒரே மெட்டு. வாத்தியம் இல்லை, தாளக்கட்டு இல்லை. இலத்தீன் சொற்களின் போக்கில் நீண்டும் குறுகியும் ஓடும். இதை கிரகோரியன் பாடல் என்பார்கள். 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியாருக்குத் தூய ஆவியே புறா வடிவில் வந்து இந்த மெட்டுகளை அருளினார் என்று அந்தக் காலத்தவர் நம்பினார்கள். வரலாறு வேறுவிதமானது, ஆனால் அந்த நம்பிக்கையின் விளைவு பெரியது. புனிதர் வழியாக வந்த மெட்டை யார் மாற்றத் துணிவார்கள்?

மாற்றவில்லை. சேர்த்தார்கள். என் பார்வையில் இந்தப் புத்தகத்தைப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல். பழைய மெட்டின் ஒரு ஸ்வரத்தையும் தொடாமல், அதற்கு முன்னால், நடுவில், பின்னால் புதிய வரிகளையும் புதிய மெட்டுகளையும் வைத்தார்கள். திருநாளின் பொருளை விளக்கவும் வழிபாட்டை அழகுபடுத்தவும் செய்த இத்தகைய சேர்க்கைக்கு ட்ரோப் என்று பெயர். சேர்க்கைகளைத் தொகுத்த புத்தகம் ட்ரோப்பர். வின்செஸ்டரில் இவர்களுடைய சொந்தப் புனிதரான சுவிதுனுக்கும் அப்படிச் சேர்க்கைகள் இருந்தன. சுவிதுன் 9ஆம் நூற்றாண்டில் இந்த ஊரின் ஆயர். 971 ஜூலை 15 அன்று எதெல்வோல்ட் அவருடைய எலும்புகளை வெளிக் கல்லறையிலிருந்து எடுத்து ஆலயத்துக்குள் வைத்ததிலிருந்து ஊருக்குத் திருப்பயணிகள் வரத் தொடங்கினார்கள்.

ட்ரோப் எப்படி இருக்கும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் உயிர்ப்புப் பெருவிழாவின் சிறு உரையாடல். கல்லறைக்கு வந்த பெண்களிடம் வானதூதர் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்க, அவர்கள் நாசரேத்து இயேசுவை என்று பதில் சொல்லும் நான்கைந்து வரிகள். எதெல்வோல்ட் 970களில் இங்கிலாந்து மடங்களுக்கெல்லாம் பொதுவாக எழுதிய ஒழுங்குநூலில் இதை எப்படி நடித்துக் காட்ட வேண்டும் என்றே விவரித்திருக்கிறார். ஒரு துறவி வெள்ளை அங்கியோடு யார் கண்ணிலும் படாமல் போய்க் கல்லறைக்கென்று குறித்த இடத்தில் கையில் குருத்தோலையோடு உட்கார வேண்டும். வேறு மூன்று பேர் தூபக்கலசங்களோடு எதையோ தேடுகிறவர்களைப் போலத் தயங்கித் தயங்கி வர வேண்டும். பிறகு பாடல். ஐரோப்பிய சமய நாடகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் குறிப்பைத் தவிர்க்க முடியாது. வின்செஸ்டர் ட்ரோப்பரிலும் அந்த உரையாடல் இசைக்குறிகளோடு இருக்கிறது.

வரிக்கு முன்னும் பின்னும் சேர்ப்பது ஒரு வகை. அதே நேரத்தில் ஒலிக்கும்படி மெட்டோடு மெட்டாக இன்னொரு குரலைச் சேர்ப்பது இன்னொரு வகை. இதற்கு ஒர்கானும் என்று பெயர். இங்கும் அதே கொள்கைதான்: பழைய பாடல் அப்படியே இருக்கும், புதியது அதன் பக்கத்தில் நடக்கும்.

எப்படி நடக்கும்? 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட 'மூசிகா என்கிரியாடிஸ்' என்ற இலத்தீன் பாடநூல் அடிப்படை முறையைக் கற்பிக்கிறது. முதன்மைக் குரல் ஒரு ஸ்வரத்தைப் பாடும்போது இரண்டாம் குரல் அதற்கு நான்கு ஸ்வரம் கீழே பாட வேண்டும். நம் வழக்கில் சொன்னால், கீழே இருப்பவர் ச பாடுகையில் மேலே இருப்பவர் சுத்த மத்தியமம் பாடுவது. மெட்டு ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். காதுக்கு இனிமையான, நிலையான இடைவெளி.

சிக்கல் சீக்கிரமே வந்துவிடுகிறது. அவர்கள் பாடிய ஏழு ஸ்வர வரிசையில் இப்படியே இணையாகப் போனால், ஓர் இடத்தில் இடைவெளி ச–சுத்த மத்தியமமாக இல்லாமல் ச–பிரதி மத்தியமமாக விழும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டுக் கேட்டால் அதன் கரகரப்பு புரியும். அவர்கள் காது அதை ஏற்கவில்லை. அதனால் ஒரு விதி செய்தார்கள். இரண்டாம் குரலுக்கு ஓர் எல்லை ஸ்வரம் உண்டு. அதற்குக் கீழே இறங்கக் கூடாது. முதன்மைக் குரல் கீழே வரும்போது இரண்டாம் குரல் எல்லையிலேயே அசையாமல் நிற்கும். மேலே உள்ள குரல் இறங்க இறங்க இடைவெளி குறையும். நான்கு மூன்றாகும், மூன்று இரண்டாகும், வாக்கியத்தின் முடிவில் இரண்டு குரல்களும் ஒரே ஸ்வரத்தில் வந்து சேரும்.

எனக்கு இது வியப்பைத் தருகிறது. ஒரு கரகரப்பைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடுதான் இரண்டாம் குரலுக்குச் சுதந்திரம் கொடுத்தது. நிழல்போலப் பின்னால் போய்க்கொண்டிருந்த குரல், நிற்கவும் காத்திருக்கவும் எதிர்த்திசையில் நகரவும் கற்றுக்கொண்டது. வின்செஸ்டரில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். சில இடங்களில் இரண்டாம் குரல் முதன்மைக் குரலைத் தாண்டி மேலேயும் செல்கிறது. இணையாகப் போவது, எல்லையில் நிற்பது, குறுக்கே கடப்பது, முடிவில் கூடுவது என்று ஒரே பாடலுக்குள் மாறி மாறி வருகின்றன. பாடநூல் விதிகளை அச்சடித்தாற்போலப் பின்பற்றியவர் இப்படிச் செய்திருக்க மாட்டார். ஒவ்வொரு பாடலையும் தனியாக யோசித்து, எங்கே எதைச் செய்தால் நன்றாக இருக்கும் என்று முடிவெடுத்த ஒரு கலைஞரின் வேலை இது. ட்ரோப்பரில் இந்தப் பகுதிக்கு எழுதிய தலைப்பும் தேனினிமை என்ற அடைமொழியோடு இசையைப் புகழ்கிறது. எழுதியவர்களுக்குத் தங்கள் இசையின்மீது எவ்வளவு பெருமிதம் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இருகுரல் இசையைச் சுவடிகளில் சேர்த்து எழுதும் பழக்கம் இதற்கு முன்பே இருந்தது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் ஹார்லி 3019 என்ற சுவடியின் இறுதியில் காலியாக இருந்த இடத்தில், புனித போனிஃபாஸை நோக்கிய மிகச் சிறிய பாடல் ஒன்றை இரு குரல்களுக்கும் குறியிட்டு யாரோ எழுதியிருக்கிறார்கள். சுவடி ரீம்ஸ் நகரத்து ஆயர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. பாடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காலம் சுமார் 900. பல தலைமுறை அறிஞர்கள் கடந்துபோன அந்த வரிகளை இருகுரல் இசை என்று அடையாளம் கண்டவர் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த ஜொவான்னி வரெல்லி. 2014இல் செய்தி உலகெங்கும் பரவியது. பாடநூல் எடுத்துக்காட்டுகளை ஒதுக்கிவிட்டால், பாடுவதற்கென்று எழுதிய இருகுரல் இசையில் இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் இதுவே மிகப் பழையது. ஆனால் அது ஒரே ஒரு துளி. வின்செஸ்டரில் இருப்பது ஓராண்டுத் திருநாள்கள் முழுவதற்குமான தொகுப்பு.

கீரியே, வானவர் கீதம், அல்லேலூயா, தவக்காலத்தில் அல்லேலூயாவுக்கு மாற்றாகப் பாடும் நீண்ட பாடல்கள், இரவு வழிபாட்டின் பதிலுரைப் பாடல்கள் ஆகியவற்றுக்கெல்லாம் இரண்டாம் குரல் இருக்கிறது. அல்லேலூயாவும் பதிலுரைப் பாடல்களும்தான் மிகுதி.

புத்தகத்தை எழுதிய காலம் 11ஆம் நூற்றாண்டின் முதல் பாதி, பெரும்பாலும் 1020, 1030களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். டேனிய அரசர் கனூட் இங்கிலாந்தை ஆண்ட காலம். அவரை 1035இல் அடக்கம் செய்ததும் இதே ஓல்ட் மின்ஸ்டரில்தான். முதன்மை எழுத்தர் எழுதி முடித்த பிறகும் வேலை நிற்கவில்லை. பின்னால் வந்தவர்கள் இடம் இருந்த பக்கங்களில் தங்கள் பங்குக்குச் சேர்த்துக்கொண்டே போனார்கள். மை மாறுகிறது, கையெழுத்து மாறுகிறது, ஓரங்கள் நிரம்புகின்றன.

இரண்டாம் குரல்களை இயற்றியவர் யார்? புத்தகம் பெயர் சொல்லவில்லை. ஆனால் பலருடைய எண்ணமும் போய் நிற்பது, மேலே பார்த்த வுல்ஃப்ஸ்டனிடம். அவர் இந்த மடத்தின் பாடகர் தலைவர். இசையிலக்கணம் பற்றி ஒரு நூலும் எழுதியவர். அது காலப்போக்கில் மறைந்துவிட்டது. சுவிதுனின் அற்புதங்களை அவர் நீண்ட இலத்தீன் கவிதையாகப் பாடியிருக்கிறார். அதன் தொடக்கத்தில் ஓல்ட் மின்ஸ்டரின் ஆர்கன் வாத்தியத்தை விவரிக்கும் பகுதி புகழ்பெற்றது: 400 குழாய்கள், 26 துருத்திகள், வியர்க்க வியர்க்கக் காற்று ஊதும் 70 பேர், சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கும் இரண்டு துறவிகள், ஊர் முழுக்கக் கேட்கும் முழக்கம். கவிஞரின் கணக்கு என்பதால் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒலி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதில் இந்த மடத்துக்கு இருந்த பேராசையை அந்த வரிகள் காட்டுகின்றன.

இனி, எழுதிய முறைக்கு வருவோம். பாடல் வரியின் ஒவ்வோர் அசைக்கும் மேலே நூம் என்ற குறிகள். சாய்ந்த நெடுங்கோடு என்றால் மேல் ஸ்வரம். புள்ளி என்றால் கீழ் ஸ்வரம். கீழிருந்து மேலே வளைந்தெழும் குறி, ஏறும் இரண்டு ஸ்வரங்கள். மேலே போய்க் கீழே மடங்கும் குறி, இறங்கும் இரண்டு. இவற்றைப் பல விதமாகக் கோத்து மூன்று, நான்கு, அதற்கு மேலும் ஸ்வரங்களைக் காட்டுவார்கள். ஒரு அசையில் எத்தனை ஸ்வரம், அவை ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பது தெளிவாகத் தெரியும். எவ்வளவு ஏறுகிறது என்பது தெரியாது.

மெட்டை ஏற்கெனவே அறிந்தவருக்கு இது போதும். முதன்மைக் குரல் எல்லோருடைய தொண்டையிலும் இருந்தது. இருபது வருடமாகப் பாடி வருவதை எதற்கு மறுபடியும் எழுத வேண்டும்? தோல் விலை உயர்ந்தது, எழுதும் நேரமும் அப்படித்தான். எல்லோருக்கும் தெரியாதது புதிதாகச் சேர்த்த குரல் மட்டும். அதைப் பாடியவர் அநேகமாகத் தேர்ந்த பாடகர் ஒருவரே. கைக்கு அடக்கமான அளவு அதற்குப் பொருத்தமாக இருக்கிறது: கூட்டமாக நின்று பார்க்கும் புத்தகம் இல்லை இது, ஒருவர் தன் நினைவுக்குத் துணையாக வைத்துக்கொள்ளும் புத்தகம்.

இரண்டாம் குரல் புதியது என்பதால் குழப்பம் வரக்கூடிய இடங்களும் அதில் கூடுதல். அங்கங்கே குறிகளின் பக்கத்தில் பொடியாக ஓரெழுத்து எழுதியிருக்கிறார்கள். உயர்த்து, அதே நிலையில் இரு, தாழ்த்து என்ற இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. பாடகர் தடுக்கி விழக்கூடிய இடம் எது என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. பாடிப் பார்த்தவர் மட்டுமே இப்படிக் குறிக்க முடியும்.

இந்தப் புத்தகம் தயாராகிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இத்தாலியின் அரெத்சோ நகரில் குய்தோ இசைக்குக் கோடு போடும் முறையைப் பரப்பிக்கொண்டிருந்தார். ஸ்வரங்களைக் கோடுகளின் மேலும் இடையிலும் வைத்தால், கேட்டிராத பாடலையும் பார்த்தே பாடலாம். பத்தாண்டுப் படிப்பு ஓரிரு ஆண்டுகளில் முடியும் என்றார். அது உண்மையாயிற்று. கோடுகள் ஐரோப்பா முழுக்கப் பரவின, கோடில்லாத குறிகளை வாசிக்கும் பழக்கம் மெல்ல அற்றுப்போனது.

வின்செஸ்டரில் நினைவின் சங்கிலியும் அறுந்தது. 1066இல் நார்மானியர்கள் வந்தார்கள். புதிய ஆயர் வால்கெலின் 1079இல் பெரிய பேராலயம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். 1093இல் துறவிகள் அதற்குக் குடிபெயர்ந்தார்கள், ஓல்ட் மின்ஸ்டரை இடித்துவிட்டார்கள். 1960களில் நடந்த அகழாய்வில் அதன் அடித்தளம் வெளிப்பட்டது. இன்று பேராலயத்தின் பக்கத்துப் புல்வெளியில் அதன் வடிவத்தைச் செங்கல் வரிசையால் காட்டியிருக்கிறார்கள். அரசர் எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது, 1539இல் வின்செஸ்டர் மடமும் கலைந்தது. நாடெங்கும் மடத்து நூலகங்கள் சிதறின. பழைய சுவடிகளைக் கிழித்துப் புத்தக அட்டைக்குள் ஒட்டினார்கள், கடைக்காரர்கள் பொருள் பொதியப் பயன்படுத்தினார்கள். அந்தச் சூறையில் தப்பியவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் காண்டர்பரி பேராயர் மேத்யூ பார்க்கர். அவர் 1574இல் தன் சேகரத்தைக் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்கு வழங்கினார். அவர் இல்லாவிட்டால் பழைய இங்கிலாந்தின் எழுத்துச் செல்வத்தில் பெரும்பகுதி இன்று இருந்திருக்காது.

புத்தகம் தப்பியது, வாசிக்கத்தான் ஆளில்லை. 1894இல் வால்டர் ஃப்ரியர் ட்ரோப்பரின் வரிகளைப் பதிப்பித்தார். இருகுரல் பகுதியை முழுமையாக ஆராய்ந்து ஸ்வரங்களை மீட்க முடியும் என்று காட்டிய பெரிய நூல் 1968இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஆந்திரியாஸ் ஹோல்ஷ்னைடரிடமிருந்து வந்தது. 2007இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியை சூசன் ராங்கின் சுவடியின் நிழற்படப் பதிப்பை விரிவான ஆய்வுரையோடு வெளியிட்டார்.

மீட்கும் வேலை எப்படி நடக்கிறது? முதலில் முதன்மைக் குரலைக் கண்டுபிடிக்க வேண்டும். வின்செஸ்டரில் பயன்பட்ட இன்னொரு ட்ரோப்பர் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. எண் போட்லி 775. அதிலும் கோடுகள் இல்லை. ஆனால் கிரகோரியன் பாடல்கள் ஐரோப்பாவெங்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி பாடப்பட்டவை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வேறு ஊர்களில் கோடுகளோடு எழுதிய பிரதிகள் நிறைய உண்டு. அங்கிருந்து மெட்டை எடுத்து, வின்செஸ்டர் குறிகளின் ஏற்ற இறக்கத்தோடு ஒவ்வோர் அசையாகப் பொருத்திப் பார்த்தால், இவர்கள் பாடிய வடிவம் தெரிந்துவிடும்.

அடுத்து இரண்டாம் குரல். இங்கே ஒரு நல்வாய்ப்பு: பெரும்பாலான இடங்களில் முதன்மைக் குரலின் ஒரு ஸ்வரத்துக்கு இரண்டாம் குரலில் ஒரு ஸ்வரம். எண்ணிக்கை பொருந்துவதால் எது எதனோடு ஒலித்தது என்பது தெரியும். பிறகு பாடநூல் விதிகளை வைத்து நான்காம் ஸ்வர இடைவெளியில் இறக்கிப் பார்க்கிறார்கள். குறி ஏறச் சொல்லும் இடத்தில் விதி இறங்கச் சொன்னால், விதியைக் கைவிட்டுக் குறியைப் பின்பற்றுகிறார்கள். ஒரே உயரத்தில் குறிகள் தொடர்ந்து வந்தால், அங்கே குரல் எல்லையில் நிற்கிறது என்று பொருள். ஓரெழுத்துக் குறிப்புகள் சந்தேகத்தைத் தீர்க்கின்றன. வாக்கிய முடிவில் இரண்டும் ஒரே ஸ்வரத்தில் சேர வேண்டும் என்பதால், முடிவிலிருந்து பின்னோக்கியும் சரிபார்க்கலாம்.

இதிலெல்லாம் முழு உறுதி கிடைக்காது. முதன்மைக் குரலைப் பெருமளவு நம்பலாம். இரண்டாம் குரலின் பாதை, அது எங்கே நிற்கிறது, எங்கே கூடுகிறது என்பதையும் நம்பலாம். இடைப்பட்ட சில ஸ்வரங்களில் ஒரு ஆய்வாளருக்கும் இன்னொருவருக்கும் வேறுபாடு உண்டு. தாளமும் வேகமும் பாடுபவரின் முடிவுதான். ஆனாலும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இசை ஒன்றை இவ்வளவு நெருங்க முடிகிறது என்பதே பெரிய காரியம் என்று நினைக்கிறேன். இசைக் கலைஞர்களும் சுவடி ஆய்வாளர்களும் சேர்ந்து உழைத்ததால் மட்டுமே இது நடந்தது.

கிரகோரியன் பாடலுக்கே வாழ்க்கையை அர்ப்பணித்த அருட்சகோதரி மேரி பெரி, கேம்பிரிட்ஜில் தான் நிறுவிய குழுவோடு வின்செஸ்டர் கிறிஸ்துமஸ் இசையைப் பதிவு செய்திருக்கிறார். பார்க்கர் நூலகம் தன் சுவடிகளின் பக்கங்களை இணையத்தில் இலவசமாகவே காட்டுகிறது. 473ஐத் தேடி இருகுரல் பகுதியைத் திறந்தால், மேலே சொன்ன புள்ளிகளையும் கீற்றுகளையும் பொடி எழுத்துகளையும் நீங்களே பார்க்கலாம்.

கேட்கும்போது மேற்கத்திய இசையின் நிறைந்த ஒத்திசைவை எதிர்பார்க்காதீர்கள். அது சில நூற்றாண்டுகள் கழித்து வந்தது. இங்கே கேட்பது மெலிந்த, வெட்டவெளியான ஒலி. முதல் தடவை மெட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை சேர்த்த குரலை மட்டும் பின்தொடருங்கள். அது எங்கே அசையாமல் நிற்கிறது, வாக்கியம் முடியுமுன் எப்படி நெருங்கி வருகிறது என்று கவனியுங்கள். மூன்றாவது தடவை இரண்டையும் சேர்த்துக் கேட்டால், வின்செஸ்டர் துறவிகள் எதற்காக இதை எழுதி வைக்க விரும்பினார்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.